பொறுமையும் கூக்குரலும்: யாக்கோபு 5:1-11 பற்றிய ஒரு திறனாய்வு

துன்பத்தில் இருப்போரை நோக்கித் திருச்சபை மிகுதியாகச் சொல்லும் சொல் 'பொறுமை' என்பதாகும். நோயுற்றோர், பிள்ளையில்லாதோர், வேலையிழந்தோர், வழக்கு முடியாமல் அலைவோர் ஆகிய அனைவருக்கும் நாம் இந்த ஒரே மருந்தையே கொடுத்து வருகிறோம். இம்மருந்து திருமறையில் எந்நிலையில், எத்தகையோருக்கு, எவற்றோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டுள்ளது என்பதை நாம் போதிய அளவு ஆராய்ந்ததில்லை. யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தின் முதல் பதினொரு வசனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை நம் பிரசங்க மேடைகள் கையாளும் முறையைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்திறனாய்வு பிறரைக் குறை கூறுவதற்காக எழுந்ததன்று. நம்முடைய பிரசங்கம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர்ப் பகுதியில் உள்ள ஒரு சபையில் அட்வெந்து கால ஆராதனை ஒன்றில் நாம் அருளுரை ஆற்றினோம். 1964இல் அங்குத் தொழிற்பேட்டை அமைந்த காலந்தொட்டு அச்சபையார் பெரும்பாலும் தொழிலாளர் குடும்பத்தினர். நாம் எடுத்துக்கொண்ட பகுதி யாக்கோபு 5:7-11. முன்மாரியையும் பின்மாரியையும் எதிர்பார்க்கும் பயிரிடுகிறவன், தீர்க்கதரிசிகள், யோபு ஆகிய மூன்று சான்றுகளையும் விளக்கி, காத்திருத்தலே விசுவாசத்தின் கனி என்று முடித்தோம். ஆராதனை முடிந்தபின் நடுத்தர வயதுடைய ஒரு பெண்மணி நம்மிடம் வந்தார். அவருடைய கணவர் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த ஆலை மூடப்பட்டு, கடைசி மாதங்களின் சம்பளமும் பணிக்கொடையும் கொடுக்கப்படாமல் நின்றிருந்தன. வழக்கு ஒன்பதாவது ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. அவர் கோபமாகப் பேசவில்லை. கையில் வேதாகமம் திறந்தபடியே இருந்தது. "ஐயா, ஏழாம் வசனத்திலிருந்து வாசித்தீர்கள். நாலாம் வசனத்தை ஏன் வாசிக்கவில்லை? அதுதானே எங்களுடைய வசனம்" என்றார்.

நமக்கு விடை தெரியவில்லை. அன்று நாம் ஏதோ சொல்லி அவரை அனுப்பிவிட்டோம். இன்று எழுதுவது அந்த விடையைத் தேடும் முயற்சியே.

வாசகத்தின் எல்லை

நான்காம் வசனம் சொல்லுவது என்ன? வயல்களை அறுத்த கூலியாட்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளை எட்டிவிட்டது. இது புதிய ஏற்பாட்டின் மிகக் கடுமையான பகுதிகளுள் ஒன்று. இதன் வேர் நியாயப்பிரமாணத்தில் உள்ளது. லேவியராகமம் 19:13 கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் முதலாளியிடத்தில் தங்கலாகாது என்கிறது. உபாகமம் 24:15 பொழுது போகுமுன்னே கொடுக்கவேண்டும் என்றும், இல்லையேல் அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான் என்றும் எச்சரிக்கிறது. மோசேயின் சட்டம் கொடுத்த தவணை ஒரு பகற்பொழுது. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் கொடுத்த தவணை முப்பது நாள். அந்தப் பெண்மணியின் குடும்பம் அதற்குள் காத்திருந்ததோ ஒன்பது ஆண்டு.

ஏழாம் வசனம் இதற்குப்பின் வருகிறது. மூலமொழியில் அவ்வசனத்தின் இரண்டாம் சொல் 'ஊன்' என்பதாகும்; 'ஆகவே' என்று பொருள்படும் இணைப்புச்சொல் அது. 1871இல் வெளிவந்த பவர் ஐயர் காலத்துத் திருப்புதல் இதனை 'இப்படியிருக்க' என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறது. எப்படியிருக்க? கூலி பிடித்துவைக்கப்பட்டு, அக்கூக்குரல் கடவுளின் செவியை எட்டி, நியாயத்தீர்ப்பின் நாள் குறிக்கப்பட்டிருக்க. இந்த 'இப்படியிருக்க' என்னும் சொல்லை வாசித்துவிட்டு, எதைச் சுட்டுகிறது என்று கேளாமலேயே நாம் பிரசங்கித்தோம். இது நம் ஒருவருடைய தவறு மட்டுமன்று. பல சபைகள் பின்பற்றும் மூவாண்டு வாசக அட்டவணையிலும் முதலாண்டின் அட்வெந்து மூன்றாம் ஞாயிற்றுக்கு 5:7-10 என்றே குறிக்கப்பட்டுள்ளது. அட்டவணையை வகுத்தோருக்குத் தீய நோக்கம் இருந்திருக்கும் என்று நாம் கருதவில்லை. ஆனால் வாசகம் ஏழில் தொடங்கும்போது, பொறுமை ஒரு நற்பண்பாக மட்டுமே தோன்றுகிறது. ஒன்றில் தொடங்கினாலோ, அது அநீதியின் நடுவே நிற்பவனுக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதமாகிறது. எல்லையை நகர்த்தினால் பொருளும் நகருகிறது.

ஒரு சொல்லுக்குள் இரு பொறுமைகள்

அடுத்ததாகச் சொற்களை நோக்குவோம். இப்பகுதியில் நாம் 'பொறுமை' என்று வாசிக்கும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இரு வேறு சொற்கள் உள்ளன. ஏழு, எட்டு, பத்து ஆகிய வசனங்களில் வருவது 'மக்ரோதூமியா' என்னும் சொல்லும் அதன் வினையும். 'நெடிய உள்ளம்' என்பது அதன் உறுப்புப்பொருள். சினத்தை விரைந்து கொட்டாமை அதன் கருத்து. கடவுளின் நீடிய பொறுமையைக் குறிக்கவும் புதிய ஏற்பாடு இச்சொல்லை ஆளுகிறது. பதினோராம் வசனத்தில் யோபைப் பற்றி வருவது 'ஹூப்பொமொனே' என்னும் வேறொரு சொல். 'கீழ்' என்பதும் 'தங்குதல்' என்பதும் சேர்ந்து அமைந்தது அது. பாரம் மேலே இருக்க, அதன்கீழ் ஓடிப்போகாமல் நிற்பது என்று விளக்கலாம்.

நம் பழைய திருப்புதல் முன்னதை 'நீடிய பொறுமை' என்றும் பின்னதை 'பொறுமை' என்றும் பெயர்த்தது. வேறுபாடு 'நீடிய' என்னும் ஓர் அடைமொழியில் மட்டும் நிற்பதால், கேட்பவர் செவியில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ரோமர் 5:3-4இல் ஹூப்பொமொனேயை 'மனவுறுதி' என்று பெயர்த்திருப்பது இவ்வகையில் ஒரு முன்னேற்றம். அதே இடத்தில் பழைய திருப்புதல் 'நம்பிக்கை' என்றதைப் புதியது 'எதிர்நோக்கு' என்கிறது. 'பொறுமை' என்றால் தலை குனிகிறது. 'மனவுறுதி' என்றால் தலை நிமிர்கிறது. எனினும் பழைய சொல்லை நாம் இகழ்ந்துவிடலாகாது. திருக்குறள் பொறையுடைமை அதிகாரத்தில் தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை உவமையாகக் காட்டும் மரபு தமிழில் 'பொறு' என்னும் சொல்லுக்கு உண்டு. பொறுத்தல் என்பது முதலில் சுமத்தல்தான். சுமப்பவன் பலமுள்ளவன். பலவீனருக்குச் சொல்லும் ஆறுதலாக அச்சொல்லைச் சுருக்கியது அகராதியன்று, நம் வழக்கே.

யோபு எப்படிப் பொறுத்தார் என்பதையும் இவ்விடத்தில் கேட்கவேண்டும். நாற்பத்திரண்டு அதிகாரங்களுள் நாம் பிரசங்கிக்கும் 'பொறுமையுள்ள யோபு' பெரும்பாலும் முதல் இரண்டு அதிகாரங்களில் முடிந்துபோகிறார். மூன்றாம் அதிகாரத்தில் அவர் வாய் திறந்து, தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் கடவுளை வழக்குக்கு அழைக்கிறார். தமக்கும் கடவுளுக்கும் நடுவர் இல்லையே என்று ஏங்குகிறார். நண்பர்களை அலட்டுண்டாக்கும் தேற்றரவாளர் என்கிறார். இவ்வளவும் பேசிய யோபைத்தான் யாக்கோபு ஹூப்பொமொனேக்குச் சான்றாக நிறுத்துகிறார். 42:7இலோ கடவுள், தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியவர் யோபே என்றும், பொறுமையை உபதேசித்த நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை என்றும் தீர்ப்பளிக்கிறார். ஆகவே யோபின் பொறுமை வாய் பேசாமையன்று. பேசிப் பேசியும் கடவுளை விட்டு அகலாமையே. அவர் கடவுளைப் பற்றிக் கடவுளிடமே முறையிட்டார். வேறு எங்கும் போகவில்லை. இதுவே பாரத்தின்கீழ் நிற்றல்.

ஒன்பதாம் வசனத்திலுள்ள தடையும் இதனால் தெளிவாகும். ஒருவருக்கொருவர் விரோதமாய் முறுமுறுத்தலையே யாக்கோபு தடுக்கிறார். அங்கு வரும் 'ஸ்தெனாட்ஸோ' என்னும் வினையையே பவுல் ரோமர் 8:23இல் ஆவியின் முதற்பலன்களைப் பெற்றவர்கள் தவிப்பதற்கு ஆளுகிறார். அயலானுக்கு எதிராகச் சென்றால் பாவமாகும் பெருமூச்சு, கடவுளை நோக்கிச் சென்றால் செபமாகிறது. வறுமையில் காத்திருக்கும் வீடுகளில் முதலில் முறிவது கணவன் மனைவி உறவும் பெற்றோர் பிள்ளைகள் உறவும் என்பதைப் போதகர்கள் அறிவோம். மேல்நோக்கிச் செல்லவேண்டிய கூக்குரலுக்கு ஆலயத்தில் இடமில்லையானால் அது வீட்டில் வெடிக்கும்.

முல்லையும் நெய்தலும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயில் உள்ளது. இன்று தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நெருங்கிய அவ்வூரின் பெயரில் முல்லை இன்னும் எஞ்சியிருக்கிறது. தமிழ் அகமரபில் முல்லைத்திணைக்கு உரிப்பொருள் 'இருத்தல்' என்பதைத் தொல்காப்பியம் அறிந்தோர் அறிவர். கார்காலமும் மாலைப்பொழுதும் அதற்குரியவை. போர்வினைமேல் சென்ற தலைவன் மழைக்காலத்தில் மீளுவேன் என்று சொல்லிச் செல்ல, அச்சொல்லை நம்பி ஆற்றியிருப்பவள் முல்லைத் தலைவி. மழையை எதிர்நோக்கும் பயிரிடுகிறவனை யாக்கோபு காட்டும்போது, தமிழ் வாசகரின் நெஞ்சில் முல்லை மலருவது இயல்பே.

திணைகளோ ஐந்து. நெய்தலுக்குரியது இரங்கல்; மருதத்துக்குரியது ஊடல். நம் சபைகளின் காத்திருத்தல் இறையியல் முல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு, நெய்தலையும் மருதத்தையும் வெளியே நிறுத்திவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு. சங்கீதப் புத்தகம் அவ்வாறு செய்யவில்லை. 130ஆம் சங்கீதம் விடியலுக்குக் காத்திருக்கும் சாமக்காரரைக் காட்டுகிறது; அது முல்லை. 13ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது, அது நெய்தல். 88ஆம் சங்கீதம் துதியில் முடியாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது திருமறையிலிருந்து நீக்கப்படவில்லை. எரேமியா 20ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி தம்மைக் கடவுள் இணங்கச் செய்து ஏமாற்றிவிட்டதாகவே பேசுகிறார், அது ஊடல். ஊடல் அன்பில்லாரிடத்து நிகழ்வதன்று. உரிமை உள்ள இடத்திலேயே அது நிகழும்.

இவ்விடத்தில் நம் இலக்கிய வரலாற்றிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். பத்துப்பாட்டில் மிகச் சிறியது 103 அடிகளால் அமைந்த முல்லைப்பாட்டு. அதன் தலைவி ஆற்றியிருக்க முயலுகிறாள். ஆயினும் கண்ணீர் நிற்கவில்லை. முல்லைக்கு இரங்கல் பொருந்தாது என்னும் இலக்கணக் கருத்தோடு, நச்சினார்க்கினியர் அப்பாட்டின் சொற்களை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் உரைத்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த காலத்தில் மறைமலையடிகள் 1903இல் எழுதிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை, பாட்டின் இயல்பான ஒழுக்கைச் சிதைத்துப் பொருள் கொள்ளும் அம்முறையை மறுத்தது. பாட்டு எந்த ஒழுங்கில் நிற்கிறதோ அந்த ஒழுங்கிலேயே வாசிக்கவேண்டும் என்பது அடிகளின் நிலைப்பாடு. திருமறை வாசகர்களாகிய நமக்கும் அவ்வறிவுரை பொருந்தும். காத்திருப்பவள் அழலாகாது என்று முன்னரே முடிவு கட்டிவிட்டால், அழுகையை நீக்குவதற்காகப் பாட்டை உடைக்கவேண்டி வரும். கூக்குரலை நீக்குவதற்காக நாம் யாக்கோபை ஏழாம் வசனத்தில் உடைத்தோம்.

பூந்தமல்லியில் காத்திருந்தோர்

சொற்களின் பொருளை வாழ்க்கையில் சோதித்துப் பார்ப்பது தகும். அதற்கு நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. 21-5-1991 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் தலைமையமைச்சர் ராஜீவ் காந்தியும், கூட்டத்துக்கு வந்திருந்த பொதுமக்களும், பணியில் இருந்த காவலர்களும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டனர். அவ்வழக்கு அதே நெடுஞ்சாலையிலுள்ள பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றத்தில் நடந்தது. 28-1-1998 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 11-5-1999 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதனை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, மற்றப் பத்தொன்பது பேரையும் விடுவித்தது. வழக்கின் நியாய அநியாயங்களைத் தீர்ப்பிடுவது இக்கட்டுரையின் வேலையன்று. அவ்வழக்கைச் சூழ்ந்து நிகழ்ந்த காத்திருத்தல்களையே நாம் நோக்குகிறோம்.

பத்தொன்பது வயதில் கைது செய்யப்பட்ட பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் ஏறிய படிகள் பலரும் அறிந்தவை. கருணை மனு பதினொரு ஆண்டுகள் விடையின்றிக் கிடந்து 2011இல் தள்ளுபடியாயிற்று. தூக்கு நாள் 9-9-2011 என்று குறிக்கப்பட்டபின் உயர் நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. அந்த நீண்ட தாமதத்தையே காரணமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் 18-2-2014 அன்று தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2018இல் மாநில அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரை செய்தது. அதற்குப்பின்னும் மூன்றரை ஆண்டு கடந்து, 18-5-2022 அன்றுதான் விடுதலை வந்தது. ஏறக்குறைய முப்பத்தொரு ஆண்டுகள் அத்தாய் சும்மா இருக்கவில்லை. சிறை வாயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் தலைவர்களின் வீடுகளுக்கும் கூட்ட மேடைகளுக்கும் நடந்தார். அவரைப் பொறுமையுள்ளவர் என்று சொல்லாதார் இல்லை. வாய் மூடியிருந்தவர் என்று சொல்லுவாரும் இல்லை.

இந்தக் கதை இத்துடன் முடிந்தால் பிரசங்கியார் மகிழ்வர். முடியவில்லை. அதே பூந்தமல்லி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட சாந்தனை உச்ச நீதிமன்றம் 11-11-2022 அன்று விடுவித்தது. இலங்கைக் குடிமகன் என்பதால் அவர் திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். மகனைக் காண அவருடைய தாய் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார். தாயகம் அனுப்பப்படும் நிலையில் இருந்தபோது, 28-2-2024 அன்று அவர் சென்னையில் நோயால் இறந்தார். அத்தாயின் வீட்டுக்குச் சென்றது உடல்தான். ஒரு தாயின் காத்திருப்புக்கு விடை கிடைத்தது, மற்றொரு தாயின் காத்திருப்புக்குக் கிடைக்கவில்லை என்றால், முன்னவருக்கு விசுவாசம் இருந்தது, பின்னவருக்கு இல்லை என்று எவரேனும் துணிந்து கூறுவாரா? கூறார். ஆனால் நம் சாட்சிக் கூட்டங்களில் நாம் சொல்லாமல் சொல்லுவது அதுவேயன்றோ? வேலை கிடைத்தவர் எழுந்து நிற்கிறார். கிடைக்காதவர் தலை குனிந்து அமர்ந்திருக்கிறார். எழுந்து நிற்பவரைக் கொண்டு அமர்ந்திருப்பவரை நாம் தீர்ப்பிடுகிறோம்.

மூன்றாவது காத்திருத்தலும் ஒன்று உண்டு. குண்டுவெடிப்பில் இறந்த பொதுமக்கள், காவலர் ஆகியோரின் குடும்பத்தினரும் இந்த ஆண்டுகளையெல்லாம் கடந்து வந்தனர். ஒவ்வொரு மனுவும் ஒவ்வொரு தீர்ப்பும் அவர்கள் புண்ணை மீண்டும் திறந்தன. அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ அதைத் தரவல்ல நீதிமன்றம் எதுவும் இல்லை. ஒருவரின் கூக்குரலைக் கேட்பதற்காக மற்றொருவரின் கூக்குரலை அடைத்துவிடும் உரிமை திருச்சபைக்குக் கிடையாது. சேனைகளின் கர்த்தருடைய செவிகள் நம் கட்சிகளைவிடப் பெரியவை.

விதவையின் விசுவாசம்

லூக்கா 18:1-8இல் இயேசு கூறிய உவமையில் ஒரு விதவை அநீதியுள்ள நியாயாதிபதியிடம் மீண்டும் மீண்டும் வருகிறாள். அவள் கேட்பது இரக்கமன்று, நியாயம். நியாயாதிபதியைத் தொந்தரவு செய்வதே அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே பலம். அந்த உவமையின் முடிவில் இயேசு, மனுஷகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று வினவுகிறார். எந்த விசுவாசத்தை? உவமையின் போக்கில் பார்த்தால் இவ்விதவையினுடையதைப் போன்ற விசுவாசத்தையே என்பது தெளிவு. சோர்ந்துபோகாமல் கேட்டுக்கொண்டிருப்பதே இங்கு விசுவாசமாகிறது. அதே உவமையின் ஏழாம் வசனத்தில் மக்ரோதூமியாவின் வினை கடவுளைக் குறித்து வருவது கருதத்தக்கது. இரவும் பகலும் தம்மை நோக்கிக் கூப்பிடுகிறவர்களின் காரியத்தில் கடவுளே நீடிய உள்ளத்தோடு இருக்கிறார். கூப்பிடுவது அவருக்குச் சலிப்பன்று. சலிப்பு நமக்கே.

எபிரெய மொழியில் காத்திருத்தலைக் குறிக்கும் 'காவா' என்னும் வினையோடு தொடர்புடைய 'திக்வா' என்னும் பெயர்ச்சொல் நம்பிக்கையையும் குறிக்கும், கயிற்றையும் குறிக்கும். யோசுவா 2ஆம் அதிகாரத்தில் ராகாப் சன்னலில் கட்டிய சிவப்பு நூற்கயிறு இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. கயிற்றுக்கு இரு முனைகள் வேண்டும். ஒரு முனை பற்றியிருப்பவன் கையில் இருக்க, மறுமுனை கட்டப்பட்ட இடம் உறுதியாய் இருக்கவேண்டும். இழுத்துப் பார்க்கலாகாது என்று எவரும் சொல்லார். இழுக்கும்போதே அது கயிறு என்பது தெரிகிறது.

இரு மறுப்புகள்

இவ்வாய்வுக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, பொறுமைக்கு இவ்வளவு கூக்குரலைச் சேர்த்தால் அது முணுமுணுப்புக்கும் பழிவாங்குதலுக்கும் வழியாகாதோ என்பது. இம்மறுப்பில் உண்மை உண்டு. வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரையும் திருமறை காட்டுகிறது. அவர்களுக்கும் யோபுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. அவர்கள் எகிப்துக்குத் திரும்ப விரும்பினர்; யோபு கடவுளிடம் திரும்ப விரும்பினார். யாக்கோபும் நீதியைத் தம் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார் என்று ஒன்பதாம் வசனத்தில் கூறுகிறார். மக்ரோதூமியா ஆகிய சினம் தாழ்த்தலுக்கு இங்கேதான் இடம். பழியைக் கடவுளிடம் ஒப்படைத்தவனே பகையின்றிக் கூக்குரலிட முடியும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் ஆழமானது. கூக்குரலிட்டும் விடை வராமலே இறந்துபோகிறவர்களுக்கு என்ன சொல்லுவது? கிளிநொச்சியில் 20-2-2017 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர்ந்து கேட்ட கேள்விக்கு விடை காணாமலேயே அவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். எபிரெயர் 6:12 விசுவாசத்தினாலும் நீடிய பொறுமையினாலும் வாக்குத்தத்தங்களைச் சுதந்தரித்தவர்களைப் பின்பற்றச் சொல்லுகிறது. அதே நிருபம் 11:39இலோ, நற்சாட்சி பெற்ற அவர்களெல்லாரும் வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்திருக்கும் துணிவு நமக்கு வேண்டும். முதலாவதை மட்டும் பிரசங்கித்தால் பொய்யாகும். இரண்டாவதை மட்டும் பிரசங்கித்தால் கைவிடுதலாகும். சிலுவையில் தொங்கியவர் ஏன் என்று கேட்டுக் கூப்பிட்டபோது வானத்திலிருந்து விடை வரவில்லை என்பதையும், மூன்றாம் நாளில் விடை வந்தது என்பதையும் சேர்த்தே அறிக்கையிடும் சபை நாம். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சனிக்கிழமையில் வாழ்வோர் நம் சபைகளில் மிகப் பலர். அவர்களை ஞாயிற்றுக்கிழமைக்கு அவசரப்படுத்துவது நம் வேலையன்று. அவர்களோடு சனிக்கிழமையில் அமர்ந்திருப்பது நம் வேலை. யோபின் நண்பர்கள் செய்த ஒரே நற்செயல், முதல் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்ததே.

முடிவாக

இத்திறனாய்விலிருந்து போதக ஊழியத்துக்குச் சில கடமைகள் எழுகின்றன. யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிப்போமாக. ஏழாம் வசனத்தை வாசிக்கும் உரிமையை முதல் ஆறு வசனங்களே நமக்குத் தருகின்றன. முறையீட்டுச் சங்கீதங்களைத் தவக்காலத்துக்கு மட்டும் ஒதுக்காமல் வழக்கமான ஆராதனையிலும் சபையார் வாயில் கொடுப்போமாக. சாட்சி நேரத்தில் இன்னும் விடை பெறாதவருக்கும் இடம் தருவோமாக. பொறுமையாயிருங்கள் என்று சொல்லுமுன், அவர் தாங்கும் பாரத்தின் ஒரு முனையை நாம் பிடிக்க முடியுமா என்று பார்ப்போமாக. தொழிலாளர் நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில் ஒருவரோடு ஒரு முற்பகல் உட்கார்ந்திருப்பதும் ஊழியமே. பயிரிடுகிறவன் மழைக்குக் காத்திருப்பவன் மட்டுமன்று, உழுது விதைத்துவிட்டுக் காத்திருப்பவன் என்பதை யாக்கோபின் உவமை நமக்கு நினைப்பூட்டுகிறது. உழாமல் விதையாமல் வானத்தை நோக்கச் சொல்லும் அறிவுரை உழவறியாதார் கூறும் அறிவுரை.

அம்பத்தூர்ப் பெண்மணியின் வழக்கில் பின்னர்த் தீர்ப்பு வந்தது. தொகையில் ஒரு பகுதியும் வந்தது. அவருடைய கணவர் அதற்குமுன் இறந்துவிட்டார். ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துச் சாட்சி சொல்லுமாறு சிலர் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்று அறிந்தோம். ஆனால் ஆலயத்துக்கு வருவதை அவர் ஒரு ஞாயிறும் நிறுத்தவில்லை. அடுத்த அட்வெந்தில் அச்சபைக்குச் செல்ல நமக்கு மறுபடியும் வாய்ப்புக் கிட்டியது. நிருப வாசகத்தை வாசிக்க அவரையே கேட்டுக்கொண்டோம். எந்த வசனத்திலிருந்து என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. முதல் வசனத்திலிருந்து வாசித்தார். நான்காம் வசனத்தில் அவர் குரல் சற்றே தாழ்ந்தது; ஏழாம் வசனத்தில் தெளிந்தது. அன்று நாம் ஆற்றிய அருளுரை சிறியது. அவ்வாசிப்பிலேயே சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி சொல்லப்பட்டுவிட்டது.